ஹாம்பிள்டன் கழகத்தின் குறிப்பேடு

சங்கம் என்பது யாது? சந்தா செலுத்தியவர்களின் பட்டியலா, கட்டடமா, அல்லது அங்கே கூடும் மக்களா? பிறந்த மண்ணை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மவரிடையே இவ்வினா அவ்வப்போது எழுவதுண்டு. விடை கூறாமலேயே கலைந்து போவதும் உண்டு. அண்மையில் எனக்கு நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி இவ்வினாவை மீண்டும் என் முன் நிறுத்தியது.

கடந்த குளிர்காலத்தில் பழைய பெட்டியொன்றைத் துப்புரவு செய்தபோது நீல அட்டையிட்ட குறிப்பேடு ஒன்று கைக்கு அகப்பட்டது. தில்லியில் நாங்கள் முன்பு குடியிருந்த அரசினர் குடியிருப்பில், தமிழ்க் குடும்பத்தினர் சிலர் சேர்ந்து நடத்திய நண்பர் குழுவின் நடவடிக்கைக் குறிப்பேடு அது. பொங்கல் விழா, குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு, குளிர்கால ஞாயிறுகளில் பனிமூட்டம் விலகியபின் அண்டைக் குடியிருப்பினரோடு கிரிக்கெட் ஆட்டம், இவையே எங்கள் பணிகள். பன்னிரண்டு ஆண்டுகள் செயலாளர் பொறுப்பு என்னிடம் இருந்தது. அலுவலகத்தில் கோப்பு எழுதிப் பழகிய கை என்பதால் அப்பொறுப்பை என்னிடமிருந்து பெற்றுக்கொள்ள எவரும் முன்வரவில்லை. குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டப் போவதாக ஆணை வந்தபின் குடும்பங்கள் துவாரகை, நொய்டா, குருகிராமம் எனத் திசைக்கொன்றாகப் பிரிந்தன. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் 2017ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தேதியிட்டு, என் கையெழுத்தில் இரண்டே சொற்கள் இருந்தன: 'உறுப்பினர் வரவில்லை.'

ஏறத்தாழ இதே பொருள்படும் குறிப்போடு முடிவடையும் வேறொரு குறிப்பேடு உலகில் உண்டு. அது 1796ஆம் ஆண்டுக்கு உரியது. இங்கிலாந்தின் ஒரு சிற்றூர்க் கழகத்தைச் சேர்ந்தது. கிரிக்கெட் வரலாறு படிக்கும் அன்பர்கள் அக்கழகத்தின் பெயரை அறிவர். அதன் எழுச்சியையும் அடக்கத்தையும், அது உச்சியில் நின்ற 1777ஆம் ஆண்டு ஆட்டப் பருவத்தையும் ஒட்டிச் சில செய்திகளை இம்மலர் வழியே சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஊரும் மேடும்

ஹாம்பிள்டன், இங்கிலாந்தின் தென்பகுதியில் ஹாம்ப்ஷயரில், போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு வடக்கே ஏறத்தாழப் பத்து மைல் தொலைவில் உள்ள சிற்றூர். சுற்றிலும் சுண்ணாம்புக் கல் நிலத்தின்மேல் புல் படர்ந்த மேடுகள். அவற்றுள் ஊரிலிருந்து இரண்டு மைல் அப்பால் உள்ளது பிராட்ஹாஃப்பென்னி மேடு. மரச்செறிவற்ற, காற்று ஓயாது வீசும் திறந்த வெளி அது. மேட்டின் எதிரே ஒரு விடுதி; பிற்காலத்தில் 'மட்டையும் பந்தும்' என்று பொருள்படும் பெயர் பெற்ற விடுதி அதுவே. அவ்விடுதியை நடத்தியவர் ரிச்சர்ட் நைரன். ஆட்ட அணிக்குத் தலைவரும், கழகத்தின் அலுவல்களைக் கவனித்தவரும், உணவு பரிமாறியவரும் அவரே. பின்னாளில் ஊருக்குள்ளிருந்த ஜார்ஜ் விடுதிக்கு அவர் இடம் மாறினார். கழகத்தாரும் அங்கே கூடலாயினர்.

ஹாம்பிள்டனைக் 'கிரிக்கெட்டின் தொட்டில்' என்று புகழ்வது வழக்கம். அது வரலாற்றுக்கு ஒத்ததன்று. கில்ட்ஃபோர்ட் நகரில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த ஒரு நிலவழக்கில், ஜான் டெரிக் என்னும் முதியவர் தாம் பள்ளிச் சிறுவராய் இருந்தபோது அந்நிலத்தில் இவ்வாட்டம் ஆடியதாகச் சாட்சியம் அளித்துள்ளார். அவர் குறித்த காலம் 1550ஐ ஒட்டியது. லண்டனில் 1744ஆம் ஆண்டிலேயே விதிகள் எழுத்து வடிவம் பெற்றன. எனவே ஹாம்பிள்டன் ஆட்டத்தைப் பெற்ற தாய் அன்று; பள்ளிக்கு அனுப்பிப் படிக்க வைத்த செவிலித்தாய் எனலாம்.

அன்றைய ஆட்டம் இன்றையதினின்று பெரிதும் வேறுபட்டது. விக்கெட் என்பது 22 அங்குல உயரமுள்ள இரண்டு குச்சிகளும், அவற்றின் மேல் ஆறு அங்குல நீளத்தில் ஒரு குறுக்குக் குச்சியுமே. பந்து தோளுக்குக் கீழிருந்தே வீசப்பட்டது. பந்து தரையோடு உருண்டு வந்த காலத்தில் ஹாக்கிக் கோல் போல் வளைந்திருந்த மட்டை, பந்தை எழும்பச் செய்து வீசும் முறை பரவியபின் நிமிர்ந்து நேராயிற்று. ஓட்டங்களைக் கணக்கிடுபவர் ஒரு கோலில் கத்தியால் வெட்டுக் குறி இடுவார். பத்தாவது குறி மட்டும் சற்று ஆழமாக இருக்கும். ஓட்டத்துக்கே அக்காலத்தில் 'வெட்டு' என்றுதான் பெயர். நம் ஊர்களில் பால்காரர் சுவரில் கரிக்கோடு இடுவதை ஒத்த கணக்கு முறை அது.

உணவு மேசையும் ஆடுகளமும்

ஹாம்பிள்டன் கழகம் இருவேறு மக்களின் கூட்டாகும். இதனைத் தெளிவாக உணர்ந்தாலன்றி அதன் வரலாறு விளங்காது. கழகத்தின் உறுப்பினர் எனப்பட்டோர் நிலப்பிரபுக்கள், கோமான்கள், படை அதிகாரிகள், பாதிரிமார் ஆகியோர். அவர்கள் கோடைக்காலத்தில் கூடி விருந்துண்டு, மது அருந்தி, பந்தயம் கட்டி மகிழ்ந்தனர். ஆட்டமொன்றுக்கு ஐந்நூறு பவுன் பந்தயம் இருந்தது என்பர். அக்காலத்தில் அது ஒரு குடும்பம் பல ஆண்டுகள் வாழப் போதிய தொகை.

ஆடுகளத்தில் இறங்கியவர்களோ பெரும்பாலும் உழைப்பாளிகள். ஜான் ஸ்மால் பீட்டர்ஸ்ஃபீல்ட் ஊரில் செருப்புத் தைத்தவர். பின்னர் மட்டையும் பந்தும் செய்து விற்றவர். வயலின் வாசிப்பிலும் வல்லவர். டார்செட் கோமகன் அவருக்கு ஒரு வயலினை அன்பளிப்பாக அனுப்ப, ஸ்மால் தாம் செய்த மட்டைகளையும் பந்துகளையும் கோமகனுக்குக் கைம்மாறாக அனுப்பி வைத்தார். விக்கெட் காப்பாளர் டாம் சூட்டர் தச்சர், தேவாலயத்தில் பாடுபவர். வேகமாகப் பந்து வீசிய தாமஸ் பிரெட் உழவர். பந்தைச் சுழற்றித் திருப்பும் வித்தையைத் தானே கண்டுபிடித்த லாம்பார்ன் ஆட்டிடையர். மேய்ச்சல் நிலத்தில் தனியே இருந்தபோது பழகியது அக்கலை. பிற்காலத்தில் வந்த பெரும் பந்துவீச்சாளர் டேவிட் ஹாரிஸ் குயவர். நோவா மான் என்பவர் இருபது மைலுக்கு மேற்பட்ட தொலைவிலிருந்து செவ்வாய்தோறும் பயிற்சிக்குக் குதிரையில் வந்து திரும்பினார்.

பயிற்சிக்கும் கூலி உண்டு. நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் வந்து சேர்ந்தவருக்கு, வென்ற பக்கமாயின் நான்கு ஷில்லிங், தோற்ற பக்கமாயின் மூன்று ஷில்லிங் என்று கழகம் வரையறுத்தது. அலுவலக வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழும் நேரத்தை நன்கறிந்த என் போன்றோர்க்கு, அந்தப் பன்னிரண்டு மணி விதி மிகவும் பழக்கமானதாய்த் தோன்றுகிறது.

1772 முதல் 1796 வரையிலான கழகத்தின் குறிப்புகள் எஞ்சியுள்ளன. அவற்றின் சுவையே தனி. கூட்டத்தில் உறுப்பினரிடையே வாக்குவாதம் மூண்டால் தலைவர் அடக்குவார். அடங்காதவர் கழகத்துக்கு ஒரு டஜன் புட்டி சிவப்பு மது தண்டமாக அளிக்க வேண்டும். ஒருநாள் மழை, வந்தவர் மூவர், காலியான மதுப்புட்டிகள் ஒன்பது என்று ஒரு பதிவு கூறுகிறது. நம் சங்கக் கூட்டங்களில் தண்டம் விதிப்பதாயின் அது காப்பியாகவே இருக்கும். ஆயினும் வாக்குவாதம் பற்றிய விதியை நாமும் இயற்றலாம் என்று எண்ணாதிருக்க இயலவில்லை.

இவ்விரு சாராரும் ஒரே மேட்டில் நின்றனர் என்பதே அவ்வூரின் சிறப்பு. விடுதிக்காரராகிய ரிச்சர்ட் நைரன், தம் கருத்து சரியெனப்பட்டால் டார்செட் கோமகனோடும் சர் ஹொரேஸ் மானோடும் மரியாதை குன்றாமல், அதே வேளையில் வளைந்தும் கொடாமல் வாதிடுவார் என அவர் மகன் ஜான் நைரன் எழுதியுள்ளார். திரண்ட மக்களும் பண்புடையவர்களாய் இருந்தனர். எதிரணியினர் அடித்த பந்து கூட்டத்தை நோக்கி வந்தாலும், அதனை மறிக்காமல் விலகி வழிவிட்டனர் என்பதும் அவர் தரும் செய்தி.

நான்கேகால் அங்குலம்

1771ஆம் ஆண்டு செப்டம்பரில் செர்ட்சி அணிக்கும் ஹாம்பிள்டனுக்கும் நடந்த ஆட்டத்தில் தாமஸ் வைட் என்னும் மட்டையாளர் விக்கெட்டின் முழு அகலமும் மறையும்படியான ஒரு மட்டையை ஏந்தி வந்தார். விதியில் மட்டையின் அகலம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனவே அவர் விதியை மீறியவரல்லர். விதியின் ஓட்டையைக் கண்டவர். அலுவலகங்களில் இத்தகையோரை நாம் பார்த்திருக்கிறோம்.

ஹாம்பிள்டன் ஆட்டக்காரர் கூச்சலிட்டுக் கலையவில்லை. மட்டையின் அகலம் நான்கேகால் அங்குலமாக இருக்க வேண்டும் என்று செப்டம்பர் 25ஆம் தேதியிட்டு எழுதி, நைரன், பிரெட், ஸ்மால் ஆகிய மூவரும் கையொப்பமிட்டனர். ஒரு விடுதிக்காரர், ஓர் உழவர், ஒரு செருப்புத் தொழிலாளி! 1774ஆம் ஆண்டு லண்டனில் பெருமக்கள் கூடி விதிகளைத் திருத்தியபோது அவ்வளவு ஏற்கப்பட்டது. இருநூற்று ஐம்பது ஆண்டுகள் கடந்தும் இன்றுவரை மட்டையின் அகலம் அதே நான்கேகால் அங்குலம்தான். டெண்டுல்கரின் மட்டைக்கும் அஸ்வினின் மட்டைக்கும் அளவு வகுத்தவர்கள் அம்மூவர்.

மூன்றாவது குச்சி வந்த வரலாறும் இவ்வூரோடு பிணைந்தது. 1775 மே மாதம் லண்டன் ஆர்ட்டிலரி மைதானத்தில் கென்ட் ஐவருக்கும் ஹாம்பிள்டன் ஐவருக்கும் ஆட்டம். வெற்றிக்கு இன்னும் 14 ஓட்டங்கள் தேவைப்பட்ட நிலையில் ஜான் ஸ்மால் கடைசி மட்டையாளராக நின்றார். பந்து வீசியவர் 'லம்ப்பி' என்று அழைக்கப்பட்ட ஸ்டீவன்ஸ். டாங்கர்வில் பிரபுவின் தோட்டக்காரர். அவர் வீசிய பந்து மும்முறை ஸ்மாலின் மட்டையை ஏமாற்றி, இரு குச்சிகளுக்கிடையே குறுக்குக் குச்சி விழாதபடி புகுந்து சென்றது. ஸ்மால் தப்பினார், ஹாம்பிள்டன் வென்றது. திறமையாக வீசியவனுக்குப் பயன் இல்லையே என்று பார்த்தோர் இரங்கினர். அதன்பின் நடுவே ஒரு குச்சி நடும் வழக்கம் தோன்றலாயிற்று. வென்றது தம் அணியாயினும் அநீதி அநீதியே என்று கொண்ட அந்த மனப்பாங்கு எண்ணத்தக்கது.

1777ஆம் ஆண்டுப் பருவம்

இங்கிலாந்தில் கிரிக்கெட் கோடைக்கால ஆட்டம். மே மாதத்தில் செவ்வாய்க்கிழமைப் பயிற்சிகள் தொடங்கும்; செப்டம்பரில் பருவம் முடியும். 1777 மே மாதத்திலும் பிராட்ஹாஃப்பென்னி மேட்டில் பயிற்சி தொடங்கியது. கடலுக்கு அப்பால் அமெரிக்கக் குடியேற்றங்களோடு இங்கிலாந்து போரில் ஈடுபட்டிருந்த காலம் அது. போர்ட்ஸ்மத் துறைமுகமோ பத்து மைலில். எனினும் ஊராரின் பேச்சு வரவிருந்த ஓர் ஆட்டத்தைப் பற்றியே இருந்திருக்கும். ஹாம்பிள்டன் அணி, 'இங்கிலாந்து' என்ற பெயரில் நாட்டின் பிற பகுதிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட அணியை எதிர்த்து ஆடவிருந்தது.

இக்காலத்தார்க்கு இது நம்புதற்கரிய செய்தி. ஒரு சிற்றூரின் பெயர் தாங்கிய அணி, ஒரு நாட்டையே எதிர்ப்பதா? ஆட்டக்காரர் அனைவரும் ஹாம்பிள்டனிலேயே பிறந்தவரல்லர். சுற்று வட்டார ஊர்களிலிருந்து வந்தவர் பலர். நைரனே சசெக்ஸ் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர். ஆயினும் அணிந்த பெயர் ஹாம்பிள்டன். வந்து சேர்ந்தவர்களாலேயே ஓர் ஊர் பெயர் பெறுவதைக் குடிபெயர்ந்தோராகிய நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆட்டம் ஜூன் 18, புதன்கிழமை, கென்ட் பகுதியின் செவனோக்ஸ் நகரிலுள்ள வைன் மைதானத்தில் தொடங்கியது. அது டார்செட் கோமகனின் ஊர். இங்கிலாந்து அணியில் அவரும் ஆடினார். அவ்வணி முதல் ஆட்டத்தில் 166 ஓட்டங்களுக்கு வீழ்ந்தது. கோமகன் எடுத்தது சுழி. அவரது குச்சிகளைச் சாய்த்தவர் உழவர் பிரெட்.

ஹாம்பிள்டனின் மட்டையாட்டப் பட்டியல் இன்றும் கிடைக்கிறது. அதனை ஊன்றி நோக்குவது பயன் தரும். டாங்கர்வில் பிரபு 3, லியர் 7, வெக் 16, ஸ்மால் 33, ஃபிரான்சிஸ் 26, நைரன் 37, சூட்டர் 46, டெய்லர் 32, அபரோ 22, ஆய்ல்வர்ட் 167, பிரெட் ஆட்டமிழக்காமல் 9, உதிரி 5. மொத்தம் 403. பட்டியலின் தலைப்பில் பிரபுவின் பெயர். எடுத்த ஓட்டம் மூன்று. பத்தாவது வரியில் ஜேம்ஸ் ஆய்ல்வர்ட் என்னும் குடியானவர். எடுத்த ஓட்டம் நூற்று அறுபத்தேழு. பட்டியல் எழுதியவர் தகுதி வரிசையை ஒருவாறு வைத்தார். ஆட்டம் அதனை வேறொருவாறு வைத்தது.

இடக்கை மட்டையாளரான ஆய்ல்வர்ட் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குக் களமிறங்கினார். வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகே வெளியேறினார். உருளையிட்டுச் சமன் செய்த களமோ, காலுறையோ, கையுறையோ இல்லாத காலம். ஆடுகளம் என்பது ஆடு மேய்ந்த புல்தரை. அத்தரையில் அத்தனை நேரம் நிற்பது மட்டையின் திறம் மட்டுமன்று. கதிர் அறுக்கும் பருவம் முழுதும் குனிந்து நிமிர்ந்து பழகிய உடலின் பொறுமையும் ஆகும். இங்கிலாந்து அணி இரண்டாவது ஆட்டத்தில் 69 ஓட்டங்களுக்குச் சுருண்டது. ஹாம்பிள்டன் ஓர் இன்னிங்ஸ், 168 ஓட்டங்கள் வேறுபாட்டில் வென்றது.

அந்த 167, தனியொருவர் எடுத்ததாகப் பதிவான உச்ச எண்ணிக்கையாக நாற்பத்து மூன்று ஆண்டுகள் நிலைத்தது. 1820இல் வில்லியம் வார்ட் என்பவர் லார்ட்ஸ் மைதானத்தில் 278 எடுத்த பின்னரே அது முறியடிக்கப்பட்டது. வார்ட் ஒரு வங்கியாளர். குடியானவரின் சாதனையை வங்கியாளர் கடந்த அவ்விடைக் காலத்தில் ஆட்டமே கைமாறிவிட்டது.

பெருமக்கள் இடம் பெயர்தல்

உச்சியில் நின்ற அணியிலிருந்து முதலில் பிரிந்தவர்களுள் ஆய்ல்வர்ட்டும் ஒருவர். கென்ட் பகுதியின் சர் ஹொரேஸ் மான், இரண்டு ஆண்டுகளுக்குள் அவரைத் தம் பண்ணையின் காரியஸ்தராக அழைத்துக்கொண்டார். அழைத்தது காரியம் பார்க்க அன்று. கென்ட் அணிக்கு ஆட. காரியஸ்தர் வேலையில் அவர் சோபிக்கவில்லை என்பர். பிழைப்புக்காக ஊர் மாறிய அவரைக் குறை கூறும் தகுதி நம்மில் எவர்க்கும் இல்லை. 1827இல் அவர் இறந்து, லண்டனில் லார்ட்ஸ் மைதானத்துக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

1782இல் மேடும் மாறியது. பிராட்ஹாஃப்பென்னி மேட்டில் காற்று கடுமையாய் இருக்கிறது, ஒதுங்க இடமில்லை என்று டார்செட் கோமகன் முதலியோர் குறைப்பட்டனர். ஊருக்கு அருகே விண்ட்மில் மேட்டில் புதுக் களம் அமைந்தது. ஆட்டக்காரர் எவரும் காற்றைப் பற்றிக் குறை கூறியதாகச் செய்தி இல்லை.

அடுத்து, ஆட்டம் ஹாம்ப்ஷயரையே விட்டு நீங்கியது. 1787இல் லண்டனில் தாமஸ் லார்ட் என்பவர் ஒரு மைதானத்தை அமைத்தார். அங்கே மேரிலபோன் கிரிக்கெட் கழகம் தோன்றியது. அதனை முன்நின்று வளர்த்த வின்சில்சி பிரபு, ஹாம்பிள்டன் கழகத்துக்கும் தலைமை வகித்தவர். மறு ஆண்டே, 1788இல், விதிகளைத் திருத்தும் பொறுப்பு லண்டன் கழகத்தின் கைக்குப் போயிற்று. பகைவர் எவரும் ஹாம்பிள்டனை வீழ்த்தவில்லை. உணவு மேசைக்குப் பணம் தந்தவர்கள் வீட்டுக்கு அருகிலேயே வேறு மேசை கண்டுகொண்டனர். கூலி பெற்று ஆடிய நல்லாட்டக்காரரும் லண்டனுக்கே சென்று ஆடினர். 1791இல் ரிச்சர்ட் நைரன் ஊரை விட்டு நீங்கினார், நங்கூரம் அகன்றது.

1796 ஆகஸ்ட் 29ஆம் தேதிக் கூட்டக் குறிப்பில் ஒரு விந்தை. மூன்று உறுப்பினரே வந்தனர். சந்தா செலுத்தாத வேறு சிலரும் இருந்தனர். அவர்களுள் 'மனித உரிமைகள்' என்னும் நூலை எழுதிய தாமஸ் பெய்ன் பெயரும் காணப்படுகிறது. அந்நூலுக்காக அரச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டவர் அவர். 1792இலேயே நாட்டை விட்டு நீங்கி, அப்போது பிரான்சில் இருந்தார். எனவே அது எவரோ செய்த வேடிக்கை என்றே ஆய்வாளர் பலர் கருதுவர். கழகம் கலையும் வேளையில், மனிதர் யாவரும் ஒரே நிறையினர் என்று எழுதியவரின் பெயரை வேடிக்கையாகவேனும் ஒருவர் எழுதி வைத்தார்.

அடுத்து செப்டம்பர் 21. 'பெருமக்கள் எவரும் வரவில்லை' என்பதே அன்றைய குறிப்பின் பொருள். அத்துடன் குறிப்பேடு முடிகிறது.

எஞ்சியவை

அன்று அம்மேட்டில் தச்சர் இருந்தாரா, குயவர் இருந்தாரா, ஊர்ச் சிறுவர் பந்து எறிந்து விளையாடினரா என்பதை அக்குறிப்பு கூறவில்லை. எழுதியவரைக் குற்றம் கூறுவதற்கில்லை. வந்தோர் பெயரை எழுதுவது எழுத்தரின் கடமை. எவருடைய வருகை வருகையாகும் என்பதைத் தீர்மானிப்பது அவர் கையில் இல்லை.

அக்குறை பின்னர் ஓரளவு நிறைவெய்தியது. 1777இல் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவனாய் இருந்த ஜான் நைரன், தம் முதுமையில் தந்தையின் தோழர்களை ஒவ்வொருவராக நினைவுகூர்ந்து கூறினார். ஆங்கிலக் கவிஞர் கீட்ஸின் நண்பரான சார்லஸ் கௌடன் கிளார்க் அவற்றைத் தொகுத்து எழுத, 1833இல் நூலாக வெளிவந்தது. ஸ்மாலின் வயலினும், சூட்டரின் பாட்டும், லாம்பார்னின் ஆட்டு மந்தையும் நமக்குத் தெரிய வந்தது அந்நூலால்தான். கழகத்தின் குறிப்பேடு மது வகைகளைப் பதிந்தது. விடுதிக்காரரின் மகன் மனிதரைப் பதிந்தார்.

லண்டன் கழகத்தின் முறைகள் ஆட்சியோடு கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தன. 1846இல் தோன்றிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் ஐரோப்பியருக்கு உரியதாய் இருந்தது. அங்கே ஆடச் சென்ற இந்தியருக்குக் கூடாரத்தில் இடமில்லை. மரத்தடியில் அமர்ந்து உண்ண வேண்டியிருந்தது. அதனைப் பொறாத புச்சி பாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவி, இந்தியர் ஆடவும் அமரவும் இடம் தந்தார். சென்னை கிரிக்கெட்டின் தந்தை என்று அவரைப் போற்றுவது இதனாலேயே. ஆடுகளத்தில் ஒருவரை ஏற்பதும் உணவு மேசையில் அவரை ஏற்பதும் வேறு வேறு என்பதைச் சென்னையும் கண்டது.

ஹாம்பிள்டன் ஊர் அழியவில்லை. பெருமக்களின் கழகம் மறைந்த பின்னரும் ஊரார் ஆடினர், இன்றும் ஆடுகின்றனர். பிராட்ஹாஃப்பென்னி மேட்டில் விடுதிக்கு எதிரே 1908இல் நாட்டிய நினைவுக்கல் நிற்கிறது. கோடையில் அங்கே பந்தின் ஒலி கேட்கிறது.

இரண்டு சொற்கள்

என் நீலக் குறிப்பேட்டுக்குத் திரும்புகிறேன். 'உறுப்பினர் வரவில்லை' என்று நான் எழுதிய அந்த ஞாயிற்றுக்கிழமை உண்மையில் மைதானத்தில் எவரும் இல்லையா? நினைவுபடுத்திப் பார்க்கிறேன். ஒருவன் இருந்தான். எங்கள் தொகுதியின் படிக்கட்டு அடியில் துணிகளுக்கு இஸ்திரி போட்டவரின் மகன். கிழக்கு உத்தரப் பிரதேசத்துக் குடும்பம். எங்கள் அணிக்கு ஒன்பது குளிர்காலம் முதல் பந்தை வீசியவன் அவனே. எங்களோடு பழகித் தமிழும் கற்றான்; 'சார், இன்னும் ஒரு ஓவர்' என்று கேட்கும் அளவுக்கு நன்றாகவே கற்றான். அந்த ஞாயிறும் வழக்கம் போல் பந்தோடு வந்து நின்றான். வீடுகள் பாதிக்கு மேல் காலியாகிவிட்டன. நான் குறிப்பெழுதிவிட்டு, 'இன்று ஆட்டம் இல்லையப்பா' என்று சொல்லி வீடு திரும்பினேன்.

ஒன்பது ஆண்டுக் குறிப்புகளையும் புரட்டினேன். அவன் பெயர் ஓரிடத்திலும் இல்லை. சந்தா செலுத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவன் அல்லன் ஆதலால், ஒவ்வொரு ஆட்டப் பட்டியலிலும் பதினொன்றாவது வரியில் 'மாற்று ஆள்' என்றே எழுதியிருக்கிறேன். ஐந்து விக்கெட் வீழ்த்திய நாளிலும் 'மாற்று ஆள் – 5' என்றே உள்ளது. விதிப்படி சரியான பதிவு. பொங்கல் விருந்துக்கு அவனை அழைத்தோமா என்பது எனக்கு நினைவில்லை, குறிப்பேட்டிலும் இல்லை.

சங்க அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இத்தகைய பழைய ஏடுகள் இருக்கக்கூடும். விழா மேடைக்குப் பந்தல் போட்டவர், நாடகத்துக்கு ஒப்பனை செய்தவர், தமிழ் வகுப்புக்குத் திண்ணை தந்த அண்டை வீட்டார், பட்டியலில் இடம் பெறாமல் நம்மோடு நின்ற பிற மொழியார் ஆகியோரின் பெயர்களை, நினைவு மங்குமுன் அவ்வேடுகளில் எழுதி வைப்போமாக. ஜான் நைரன் ஐம்பத்தாறு ஆண்டு கழித்து அதைச் செய்தார். நாம் அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

நான் என் பங்கைச் செய்துவிட்டேன். குறிப்பேட்டின் ஒன்பது ஆண்டுப் பட்டியல்களிலும் 'மாற்று ஆள்' என்றிருந்த இடங்களில், பழைய எழுத்தை அடிக்காமல், அதன் அருகே அவன் பெயரை எழுதினேன். அலுவலக முறைப்படி ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் கையொப்பமும் இட்டேன். கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி சேர்த்தேன்: 'உறுப்பினர் வரவில்லை, பந்து வீசுபவர் வந்திருந்தார்.'